பணியாளை விடச் சிறந்த ஒன்று



இரவு பத்து மணி. இஷாத் தொழுது முடித்தாகிவிட்டது. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். கழுவிய கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. காலைச் சாப்பாட்டுக்கு உழுந்து ஊறுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பாயில் தலையை வைக்கிறீர்கள். உடம்பு கெஞ்சுகிறது. ஆனால் தூக்கம் வருவதில்லை. பகல் முழுவதும் வேலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கவலைகள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. கடைக்கணக்கு, மகளின் கல்யாணம், கட்டாரில் இருக்கும் கணவரின் மெலிந்த குரல், மாமியாரின் சொல், மின்சாரக் கட்டணம்... “யா அல்லாஹ்! எனக்கு உதவிக்கு ஓர் ஆள் இருந்தால்!” என்று மனம் ஏங்குகிறது.

இந்த ஏக்கம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஏறத்தாழ 1400 வருடங்களுக்கு முன்னர் மதீனாவில் ஒரு சிறிய வீட்டிலும் இதே ஏக்கம் இருந்தது. அந்த வீட்டின் தலைவி வேறு யாருமல்ல. சுவர்க்கத்துப் பெண்களின் தலைவி என்று நன்மாராயம் கூறப்பட்ட பாத்திமா (ரழி) அவர்கள்தான்.

தழும்பேறிய கைகள்

நபி (ஸல்) அவர்களின் அருமை மகளுக்கு வேலைக்காரப் பெண் யாரும் இருக்கவில்லை. திரிகையைச் சுற்றிச் சுற்றி அவர்களின் கைகள் தழும்பேறின. தோற்பையில் தண்ணீர் சுமந்ததால் உடலில் அடையாளம் விழுந்தது. வீட்டைக் கூட்டுவதால் ஆடைகள் புழுதி படிந்தன. இவை அனைத்தும் ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியிருக்கின்றன.

ஒரு நாள் நபி (ஸல்) அவர்களிடம் போர்க் கைதிகள் சிலர் கொண்டுவரப்பட்ட செய்தி கிடைத்தது. வீட்டு வேலைக்கு ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாமே என்று பாத்திமா (ரழி) அவர்கள் தந்தையின் வீட்டுக்குச் சென்றார்கள். தந்தை அங்கே இல்லை. ஆயிஷா (ரழி) அவர்களிடம் விடயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் மகளை அழைத்துவர ஆள் அனுப்பவில்லை. தாமே மகளின் வீடு தேடிச் சென்றார்கள். அப்போது அலீ (ரழி) அவர்களும் பாத்திமா (ரழி) அவர்களும் படுக்கைக்குச் சென்றுவிட்டிருந்தனர். எழ முயன்ற இருவரையும் அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். அவர்களின் பாதத்தின் குளிர்ச்சியைத் தமது நெஞ்சில் உணர்ந்ததாக அலீ (ரழி) அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதை விடச் சிறந்த ஒன்றைச் சொல்லித் தரட்டுமா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பின்னர், படுக்கைக்குச் செல்லும்போது 33 தடவை ஸுப்ஹானல்லாஹ், 33 தடவை அல்ஹம்துலில்லாஹ், 34 தடவை அல்லாஹு அக்பர் சொல்லுமாறு கற்றுக்கொடுத்து, இது ஒரு பணியாளை விட உங்களுக்குச் சிறந்தது என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் சம்பவம் இடம்பெற்றிருக்கிறது.

சற்று நில்லுங்கள், சகோதரியே! ஒரு தந்தையின் உள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அன்பு மகளின் கை தழும்பேறியிருப்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இரவென்றும் பாராமல் ஓடோடி வந்தார்கள். ஆனால் மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் வீடு வாசலற்ற தோழர்கள் பசியால் வாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அந்த நிலையில் விட்டுவிட்டு மகளுக்குக் கொடுக்க அவர்களின் மனம் ஒப்பவில்லை என்று மற்றோர் அறிவிப்பு கூறுகிறது. வெறுங்கையோடு அவர்கள் வரவில்லை. மகளின் சுமையை இறக்கிவைக்காமல், அதைச் சுமப்பதற்கான பலத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நூறு வார்த்தைகளில் என்ன இருக்கிறது?

“திக்ர் செய்தால் பாத்திரம் கழுவப்பட்டுவிடுமா?” என்று ஒரு சகோதரி கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாத்திரம் அப்படியேதான் இருக்கும். ஆனால் அதைக் கழுவும் கரத்துக்கும், அந்தக் கரத்தை இயக்கும் உள்ளத்துக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ‘அல்வாபிலுஸ் ஸய்யிப்’ என்ற தமது நூலில் திக்ரின் பயன்களை விளக்கும்போது இந்தச் சம்பவத்தைக் கொண்டுவருகிறார்கள். திக்ர் உடலுக்கே வலிமை தருகிறது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இந்த வார்த்தைகளை விடாமல் பேணி வருபவரைக் களைப்பு வீழ்த்திவிடுவதில்லை என்று தமது ஆசிரியர் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் கூறியதையும் எடுத்துரைக்கிறார்கள்.

பொருளை உணர்ந்து சொல்லிப் பாருங்கள். ஸுப்ஹானல்லாஹ் என்கிறோம். அல்லாஹ் எல்லாக் குறைகளை விட்டும் தூய்மையானவன். அவன் மறப்பதில்லை, அநீதி இழைப்பதில்லை. இன்று எனக்கு நடந்ததற்கான காரணம் எனக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் அவனது தீர்ப்பில் பிழை கிடையாது. அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். இழந்தவற்றையே எண்ணிக்கொண்டிருந்த மனம், இருப்பவற்றின் பக்கம் திரும்புகிறது. அல்லாஹு அக்பர் என்கிறோம். கடன் பெரியது, நோய் பெரியது, நாளை பற்றிய பயம் பெரியது. அல்லாஹ் இவை எல்லாவற்றையும் விடப் பெரியவன்.

தொழுகைக்குப் பின் தஸ்பீஹ் ஓதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் படுக்கைக்கென்று தனியாகக் கற்றுத்தரப்பட்ட இந்த நூறையும் மறந்துவிடுகிறோம். அந்த இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவரின் புதிய வீடு, யாரோ ஒருவரின் கல்யாண நகை, எங்கோ நடந்த விபத்து ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடுகிறோம். பிறகு நிம்மதியான தூக்கம் எங்கிருந்து வரும்?

ஸிப்பீன் இரவிலும்...

இந்தச் சம்பவத்துக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. நம்மில் பலர் கவனிக்காத பகுதி அதுதான்.

நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட நாள் முதல் தாம் அதை விட்டதே இல்லை என்று அலீ (ரழி) அவர்கள் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஸிப்பீன் இரவிலும் கூடவா என்று வினவினார். ஆம், ஸிப்பீன் இரவிலும்தான் என்று பதில் வந்தது.

ஸிப்பீன் என்பது ஹிஜ்ரி 37 ஆம் ஆண்டில் (கி.பி. 657) யூப்ரடீஸ் நதிக்கரையில் முஸ்லிம்களுக்கிடையே நடந்த கொடிய யுத்தம். அருமைத் தோழர்கள் பலர் அங்கே உயிரிழந்தார்கள். அந்த நேரத்தில் பாத்திமா (ரழி) அவர்களும் உயிரோடு இல்லை. தந்தை மறைந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில், ஹிஜ்ரி 11 இலேயே அவர்களும் இவ்வுலகைப் பிரிந்துவிட்டார்கள். அந்தத் திரிகையும் அந்தச் சிறிய வீடும் பழங்கதையாகிவிட்ட காலம் அது. ஆனால் அன்றிரவு அந்த வீட்டில் கற்ற நூறு வார்த்தைகள் மட்டும் அலீ (ரழி) அவர்களோடு போர்க்களம் வரை வந்தன.

அபூதாவூதில் வரும் அறிவிப்பொன்றில் இன்னும் ஒரு செய்தி உண்டு. ஸிப்பீன் இரவில் அது உரிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இரவின் கடைசிப் பகுதியில் நினைவு வந்தது. உடனே சொல்லிக்கொண்டார்கள். தவறிவிட்டதே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. நினைவு வந்த இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பிள்ளையின் காய்ச்சலோடு விழித்திருந்து, எல்லாம் தவறிப்போன இரவுகளில் நமக்கும் இது ஆறுதலல்லவா?

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, சிறிதாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பது நபிமொழி. நாமோ றமழானில் நிறையத் தொடங்குகிறோம். ஷவ்வால் பிறை கண்டதும் அனைத்தையும் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். மனவலிமை ஒரு நாளில் வருவதில்லை. கிணற்றுக் கயிறு கல்லில் தடம் பதிப்பது போல, தினமும் ஒரே இடத்தில் சிறிது சிறிதாகப் பதிவது அது.

சோதனை சொல்லிக்கொண்டு வராது

கப்றருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டு, அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமையாக இரு என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்தப் பெண் அவர்களை அடையாளம் காணவில்லை. எனக்கு வந்த சோதனை உமக்கு வரவில்லையே என்று சொல்லி அவர்களைப் போகச் சொல்லிவிட்டாள். பிறகு வந்தவர் யாரென்று அறிந்து பதறியடித்துக்கொண்டு அவர்களின் வீட்டுக்கு ஓடினாள். பொறுமை என்பது முதல் அடி விழும்போது காட்டுவதுதான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

முதல் அடி விழும் நேரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஏற்கனவே உள்ளத்தில் இருப்பதுதான் அப்போது நாவில் வரும்.

நமது நாட்டு முஸ்லிம் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் வெறும் இரண்டு மணித்தியாலம். வீடு, வயல், கடை, தையல் இயந்திரம், மகளுக்குச் சேர்த்த நகை எல்லாம் கைவிட்டுப் போயின. புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் அந்தத் தாய்மார் வாழ்வை மறுபடி தொடங்கினார்கள். 2004 டிசம்பர் 26 இல் சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனை, ஹம்பாந்தோட்டைக் கரைகளில் கடல் புகுந்தபோது அந்த இரண்டு மணித்தியாலமும் இருக்கவில்லை. காலையில் பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த தாய் பகலில் அவர்களின் ஜனாஸாவைத் தேடினாள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் காத்துக் கிடந்து, இருட்டில் சோறாக்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டிய நாட்களை நாமே கண்டோம்.

அந்த நேரங்களில் எதை எடுத்துச் செல்ல முடிந்தது? நாவில் பழகிய திக்ரை, மனனமிட்ட ஸூறாக்களை, நேரம் வந்தால் தானாக வுழூவுக்கு எழும் கால்களை யாராலும் பறிக்க முடியவில்லை. கடலாலும் அள்ள முடியவில்லை. இன்று, ஒன்றும் நடக்காத இந்தச் சாதாரண இரவில் நாம் சேமிப்பது அந்தப் பொருளைத்தான்.

அழுவது பலவீனமல்ல

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனவலிமை என்றால் கல்லாகிவிடுவதல்ல. மகன் இப்றாஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. யூஸுப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. தமது துக்கத்தை அவர்கள் அல்லாஹ்விடம் முறையிட்டார்கள் என்று அல்குர்ஆன் கூறுகிறது. ஒரு நபியே அழுதிருக்க, “ஈமான் இருந்தால் அழுவாயா?” என்று கேட்டு ஒரு தாயின் வாயை அடைக்க நமக்கு என்ன உரிமை?

அதுபோலவே, ஸப்ர் என்றால் அநியாயத்துக்குத் தலை குனிந்திருப்பதல்ல. கணவன் தன்னைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கியபோது கவ்லா பின்த் தஃலபா (ரழி) அவர்கள் வீட்டு மூலையில் அழுதுகொண்டிருக்கவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் நேரே சென்று வாதாடினார்கள். அந்தப் பெண்ணின் முறைப்பாட்டை அல்லாஹ் கேட்டான். ‘அல்முஜாதலா’ என்ற அத்தியாயமே அருளப்பட்டது. எனவே வீட்டில் கொடுமை நடக்கிறதென்றால், திக்ரும் செய்யுங்கள், வாயையும் திறவுங்கள். தாய் தகப்பனிடம், பொறுப்பானவர்களிடம், தேவையானால் காதியிடமும் பொலிஸிடமும் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் துணிவும் ஈமான் தரும் வலிமைதான்.

பாத்திமா (ரழி) அவர்களின் சம்பவத்தைக் காட்டி, “நபியின் மகளே அரைத்தார், நீயும் அரை” என்று சொல்லும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னார்கள். அந்த ஸுன்னத்தும் நம் வீடுகளில் உயிர்பெற வேண்டும்.

மாதக்கணக்கில் தூக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, வாழ்வே வேண்டாமென்று தோன்றினால் அதை ஈமானின் குறையென்று எண்ணி மறைக்காதீர்கள். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இது ஒரு நோயாகவே வருவதுண்டு. நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்கள்தான். வைத்தியரிடம் போவது தவக்குலுக்கு முரணானதல்ல.

அன்றாடத்தில் இணைத்துக்கொள்ளுங்கள்

நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த முறையில் ஓர் அழகு இருக்கிறது. புதிதாக ஒரு நேரத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. எப்படியும் படுக்கத்தானே போகிறோம், அந்தப் படுக்கையோடு திக்ரை இணைத்துவிட்டார்கள். இதே வழியில் மற்றவற்றையும் பழகலாம்.

ஸுபஹ் தொழுத முஸல்லாவிலிருந்து எழும் முன் ஐந்து நிமிடம் அமருங்கள். காலைத் திக்ர் தமக்குக் காலை உணவு போன்றது, அது இல்லாவிட்டால் தமது பலம் குன்றிவிடும் என்று இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் சொல்வார்களாம். அடுப்பைப் பற்றவைக்கும் முன் நாமும் அந்த உணவில் ஒரு கவளம் உண்போம்.

சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பாத்திரத்தில் போடும் நல்ல வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அதை மீண்டும் தொடங்குங்கள். தனக்கே போதாது என்று நினைப்பவளின் கை, கொடுக்கும் கையாக மாறும்போது மனமும் நிமிர்கிறது.

அயல் வீட்டில் துக்கமென்றால் சட்டியோடு போங்கள். ஹிஜ்ரி 8 இல் மூத்தா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதானபோது, அவரது குடும்பத்தினருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்களோ, மரணம் நிகழ்ந்த வீட்டில் கூடியிருந்த பெண்கள் கலைந்து சென்றபின், தல்பீனா என்ற பார்லிக் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள். அது துயரத்தில் சிறிதைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதாகக் கூறுவார்கள். பசித்த வயிற்றோடு பொறுமையாக இரு என்று சொல்வதல்ல நமது மார்க்கம். முதலில் கஞ்சி கொடுக்கிறது. ஒருவரின் துயரத்தில் கஞ்சி கொண்டுபோனவளுக்கு, தன் துயரத்தில் தனியே இருக்க வேண்டி வராது.

பெண்களுக்கென ஒரு விடயம். மாதவிடாய் நாட்களிலும் பிள்ளை பெற்ற நாட்களிலும் தொழுகை இல்லை என்பதால் பலர் திக்ரையும் துஆவையும் கூட நிறுத்திவிடுகிறார்கள். உடலும் உள்ளமும் தளர்ந்திருக்கும் நாட்களில் அல்லாஹ்வோடு பேசுவதையும் விட்டுவிடுவதா? ஹஜ்ஜின்போது மாதவிடாய் ஏற்பட்டு அழுத ஆயிஷா (ரழி) அவர்களிடம், கஃபாவைத் தவாப் செய்வதைத் தவிர ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஹாஜிகள் செய்வதில் திக்ரும் துஆவும் இல்லையா? எனவே அந்த நாட்களில் முஸல்லா மடிந்திருக்கலாம், நாவு மடிந்திருக்க வேண்டியதில்லை.

இன்றிரவே...

சகோதரியே! இதை வாசித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிடாதீர்கள். ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு விளக்கை அணைத்தபின் கைத்தொலைபேசியை எட்ட வைத்துவிடுங்கள். தஸ்பீஹ் மாலை தேட வேண்டாம். விரல்கள் போதும். பகலெல்லாம் தேங்காய் துருவிய, துணி கசக்கிய, பிள்ளையைத் தூக்கிய அதே விரல்களால் எண்ணுங்கள். 33, 33, 34. சில நிமிடங்கள்தான். இடையில் தூங்கிப்போனால் கவலையில்லை, நாளை மறுபடி தொடங்கலாம். பக்கத்தில் மகள் படுத்திருந்தால் அவளுக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொல்லுங்கள். நாளை நீங்கள் இல்லாத ஒரு நாளில், அவளுக்கென ஒரு ஸிப்பீன் இரவு வரலாம். அப்போது இந்த நூறும் அவளது நாவில் இருக்கட்டும்.

காலையில் அதே பாத்திரங்கள், அதே கட்டணம், அதே சொற்கள் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆனால் அவற்றை எதிர்கொள்ள எழுபவள், அல்லாஹ் பெரியவன் என்று சொல்லிக்கொண்டே உறங்கியவளாக இருப்பாள்.

நம் கைகளின் களைப்பையும் உள்ளங்களின் பாரத்தையும் அறிந்த ரஹ்மான், அவற்றைச் சுமக்கும் வலிமையை நமக்குத் தந்து, நம்மைப் பாத்திமா (ரழி) அவர்களோடு சுவனத்தில் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.